திருவிழாக் கடைத்தெரு

சென்ற மார்கழியில் ஒரு நாள் மாலை, ஜேர்மனி தேசத்தில் வாழும் நம் மகளிடமிருந்து கைத்தொலைபேசிக்கு ஒரு நிழற்படம் வந்து சேர்ந்தது. பழைமையான தேவாலயம் ஒன்றின் முன்றிலில் வரிசை வரிசையாக மரக்கடைகள்; அவற்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட துணிக்கூரைகள்; எங்கும் விளக்கொளி. நடுவே, தடித்த குளிரங்கிக்குள் முகம் மட்டும் தெரிய நின்றிருந்தாள் நம் பேர்த்தி. நியூரம்பேர்க் நகரத்தின் நத்தார்ச் சந்தை அது. படத்தைத் தொடர்ந்து அவளுடைய குரலும் வந்தது: "அம்மப்பா, உங்கட ஊரிலயும் இப்பிடிக் கடை போடுவினமோ?"

'உங்கட ஊர்' என்று குழந்தை சொன்னது நம் நெஞ்சில் சிறு முள்ளாகத் தைத்தது உண்மையே. ஆயினும், ஒன்பது வயதுச் சிறுமியோடு அதற்காக வழக்காட முடியுமா? "திருவிழாவுக்கு வாங்கோ பிள்ளை, காட்டுறம்" என்று மறுமொழி அனுப்பினோம்.

சொன்னபடியே இவ்வாண்டு விடுமுறைக்குத் தாயும் மகளும் வந்தார்கள். நல்லூர்க் கந்தன் திருவிழாக் கடைத்தெருவுக்கு அவர்களை அழைத்துச் சென்றோம். அன்று கண்ட காட்சிகளையும், அன்று நமக்குக் காலந்தாழ்ந்து உறைத்த ஓர் உண்மையையும் இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

விழாவும் சந்தையும் உடன்பிறந்தவை போலும். மக்கள் கூடும் இடத்தில் விளக்கு எரியும். விளக்கு எரியும் இடத்தில் ஒருவர் கடை விரிப்பார். ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்தில் 1434ஆம் ஆண்டு, நத்தாரை முன்னிட்டுக் கூடும் ஒருநாட் சந்தையாகத் தொடங்கியது இன்று வாரக்கணக்கில் நடைபெறும் பெருஞ்சந்தையாய் வளர்ந்திருக்கிறது. நம்மவருக்கும் இது புதிதன்று. பகலில் கூடும் சந்தையை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் பெயரிட்டு வழங்கியவர்கள் பழந்தமிழர். இந்திரவிழா 28 நாட்கள் நடந்த காவிரிப்பூம்பட்டினத்தில், மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே இருந்த சோலையில் நாளங்காடி கூடியதைச் சிலப்பதிகாரத்தில் மாணவர்கள் படித்திருப்பர். அதே நகரத்தில் யவனரும் வேற்றுமொழி பேசுவோரும் கலந்து வாழ்ந்ததை இளங்கோவடிகள் பெருமையாகவே கூறுகிறார். பல திசையிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்வதுதான் ஒரு பட்டினத்துக்கு அழகு என்பது அக்காலத்தவர் துணிபு.

நல்லூரின் கதையும் அத்தகையதே. யாழ்ப்பாண அரசர்களின் தலைநகராயிருந்த அவ்வூரின் பழைய கோயிலை 1621இல் போர்த்துக்கேயர் இடித்தனர். இன்றைய ஆலயம், 1734இல் இரகுநாத மாப்பாண முதலியார் எழுப்பிய வழிபாட்டிடத்திலிருந்து வளர்ந்தது. ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் கொடியேறும். 24ஆம் நாள் தேர். 25ஆம் நாள் தீர்த்தம். இந்த 25 நாட்களும் கோயிலுக்கு வெளியே மற்றொரு திருவிழா நடைபெறுகிறது. அதுவே நம் கடைத்தெரு.

மாலைப் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நாம் புறப்பட்டுவிட்டோம். குழந்தைகளோடு செல்வோர்க்கு அதுவே உகந்த வேளை. சுவாமி வெளிவீதி வந்து முடிந்த பின்னர் ஜனசமுத்திரம் முழுவதும் கடைகளின் பக்கம் திரும்பும். அப்போது சிறுவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதே பெரும்பாடாகிவிடும். திருவிழா நாட்களில் ஆலயத்தைச் சூழ்ந்த வீதிகளில் வாகனங்கள் செல்வதில்லை. துவிச்சக்கர வண்டிகளை அயல்வீட்டு வளவொன்றில் விட்டு, இலக்கமிட்ட துண்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு நடந்தோம். வெளிவீதியில் மணல் பரப்பியிருந்தார்கள். செருப்பைக் கழற்றி அந்த மணலில் கால் வைத்ததும் பேர்த்தி வியப்போடு நின்றாள். "தெருவிலே ஏன் கடற்கரை?" என்று கேட்டாள். அங்கப்பிரதட்சணம் செய்யும் அடியார்களின் உடம்பு நோகாதிருப்பதற்கு என்று சொன்னோம். கோயிலின் மதிலைப் பார்த்தவள், "சிவப்பும் வெள்ளையும்! நியூரம்பேர்க் மாதிரி" என்றாள். அவளுடைய கண்ணுக்கு இரண்டு ஊர்களும் அந்தக் கணத்தில் அயலூர்களாகிவிட்டன.

பிறகு கடைகள். எதைச் சொல்வது, எதை விடுவது? முதலில் நம்மை அழைப்பது மூக்குத்தான். இரும்புத் தாச்சியில் கொதிக்கும் மணலுக்குள் கச்சான் புரளும் வாசனை, கோயிற் சாம்பிராணியோடு கலந்து வருமே, அது யாழ்ப்பாணத்தவனை எந்தத் தேசத்தில் இருந்தாலும் உலுக்கிவிடும். அடுத்தது காது: அம்மம்மா குழல் ஊதும் சிறுவர் கூட்டம்; கிலுகிலுப்பைகள்; தொலைந்த பிள்ளையின் பெயரைக் கூறும் ஒலிபெருக்கி. அதன் பின்னரே கண். தும்பு முட்டாஸ், மணிமாலைகள், றிப்பன்கள், சுவாமிப் படங்கள், பொம்மைகள், தோசைக்கல், அலுமினியப் பாத்திரம், பூச்செடிகள், புத்தகங்கள் என எல்லாம் ஒரே வெளிச்சத்தில் பளபளக்கும்.

குடும்பத்தோடு செல்வோர்க்கு ஒரு யோசனை. பிள்ளைகளுக்குப் புறப்படும்போதே ஒரு தொகையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். "அது வேண்டாம், இது வேண்டாம்" என்று வீதி நீளம் தடுத்துக்கொண்டு செல்லும் வேலை நமக்கு மிச்சம். கையிருப்பை எண்ணி ஆசையை அளக்கும் கல்வி அவர்களுக்கு லாபம். நம் பேர்த்தியிடம் 2,000 ரூபா கொடுத்தோம். அவள் முதலில் ஒரு முறை கடைத்தெரு முழுவதையும் சுற்றிப் பார்த்தாள், எதையும் வாங்கவில்லை. இரண்டாம் சுற்றில்தான் பையைத் திறந்தாள். பெரியவர்களாகிய நாமோ முதற் கடையிலேயே தேவையற்ற ஒரு பூட்டை வாங்கியிருந்தோம்!

அவளிடம் ஒரு வழக்கத்தைக் கண்டோம். எந்தக் கடையில் நின்றாலும் விலையைக் கேட்குமுன், "இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்பாள். முதலில் அது வெறும் குழந்தைக் குறும்பென்றே எண்ணினோம். ஆனால், அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தபோது பூகோள பாடம் ஒன்றே உருவாகிவிட்டது.

கச்சான் விற்ற ஆச்சி புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவர். மூட்டைகளோடு கொடியேற்றத்துக்கு முதல்நாள் வந்தவர். தீர்த்தம் முடியும்வரை கடைக்குள்ளேயே படுக்கை. சரையிற் சுற்றிக் கொடுத்த பின்னும் ஒரு பிடி அள்ளிப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். கைத்தறிப் புடவைகள் கிழக்கே மருதமுனையிலிருந்து வந்திருந்தன. பனையோலைப் பெட்டிகள் மட்டும் நம் குடாநாட்டுச் சரக்கு. சார்வோலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, சாயமிட்டுப் பின்னிய கைகளுக்குரிய அம்மா அருகிலேயே அமர்ந்து அடுத்த பெட்டியைப் பின்னிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் காப்புகளோ, கடல் கடந்து, வட இந்தியாவின் பிரோசாபாத் நகரத்துச் சூளைகளிலிருந்து வந்தவை.

அந்தக் காப்புக் கடையிலேதான் நாம் நின்றுவிட்டோம்.

கடைக்காரர் முதியவர், வெள்ளைத் தொப்பி அணிந்த இஸ்லாமியர். "கையைத் தாங்கோ பிள்ளை" என்று பேர்த்தியின் கையை வாங்கி, விரல்களை மெல்லக் குவித்து, கண்ணால் ஒரு முறை அளந்தார். அளவு பார்க்கும் வளையம் ஏதும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு காப்புகள் மணிக்கட்டில் ஏறின. ஒன்றும் கீறவில்லை, ஒன்றும் உடையவில்லை. பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தாள். பின்னர் தன் வழக்கமான கேள்வியைச் சிறிது மாற்றி, "நீங்கள் எங்கேயிருந்து வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

முதியவர் சிரித்தார். "நான் இந்த ஊர்தான் பிள்ளை. சோனகதெரு. என்ர வாப்பாவும் இதே வீதியிலதான் கடை போட்டவர்" என்றார். பிறகு நம்மைப் பார்த்து, சற்றே குரலைத் தாழ்த்தி, "எண்பத்தொன்பதுத் திருவிழாவுக்குப் பிறகு இரண்டாயிரத்திரண்டிலதான் ஐயா திரும்பவும் கடை போட்டனான். பன்னிரண்டு வருசம் புத்தளத்தில" என்றார். அருகே நின்ற நம் மகளின் கையையும் பார்த்தார். "தங்கச்சிக்கும் சின்னனிலை நான்தான் காப்புப் போட்டிருப்பனோ, என்னவோ."

மகள் ஒன்றும் பேசவில்லை. நமக்கு 1991ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

அக்கால நிலைமையை இன்றைய மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டில் மின்சாரமில்லை. யாழ்தேவிப் புகையிரதம் நின்றுபோயிற்று. பொருளாதாரத் தடை காரணமாக மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், சீமெந்து எல்லாம் கிடைத்தற்கரிய பொருள்களாயின. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பனம்பழத்தால் துணி துவைத்தோம். தெற்கே போக வேண்டியவர்கள் பின்னர் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகேறி, உயிரைக் கையிற் பிடித்துக் கடந்தார்கள். அந்த இருளிலும் நல்லூரில் கொடியேறியது, தேர் ஓடியது. கடைத்தெருதான் மெலிந்து கிடந்தது.

அந்த 1991ஆம் ஆண்டுத் திருவிழாவில் நம் மகளுக்கு வயது எட்டு. காப்புக் கடை வழக்கமாக இருக்கும் இடத்தில் நின்று, "அப்பா, காப்புக்காரர் ஏன் வரேல்லை?" என்று கேட்டாள். நாம் சொன்ன மறுமொழி இன்றும் காதில் ஒலிக்கிறது: "பாதை இல்லைப் பிள்ளை. சாமான் வராது."

அது பொய். பாதை மூடியிருந்தது மெய். சாமான் வராததும் மெய். ஆனால் பிள்ளை கேட்டது சாமானைப் பற்றியா? ஆளைப் பற்றியல்லவா! அந்த மனிதர் பாதையில்லாமல் வராதவர் அல்லர். 1990 ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி நடந்தது. இரண்டு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. வீடு, கடை, நகை, பள்ளிக்கூடம், பள்ளிவாசல், பிறந்த மண் யாவற்றையும் விட்டுப் போனவர்கள் மாகாணம் முழுவதிலும் 70,000க்கும் மேற்பட்டோர். நம் ஊர்க் கடைவீதியில் தையலும் இரும்பும் காப்பும் விற்ற கைகள் ஒரே நாளில் இல்லாமற் போயின. இது நமக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் காப்பு இல்லையே என்று கவலைப்பட்ட நாம், காப்புக்காரர் எங்கே என்று வாய்திறந்து கேட்கவில்லை. கேட்க அஞ்சினோம் என்பது ஒரு பாதி உண்மை. கேட்கத் தோன்றவுமில்லை என்பது மறு பாதி; அதுவே நம்மை இன்று கூசச் செய்கிறது.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு, அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்களாகிய நாமும் கொட்டும் மழையில் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தோம். ஒரு பைக்குள் வாழ்க்கையை அடைப்பது எப்படியென்று அன்று தெரிந்தது. திகதிகளின் இந்த ஒற்றுமை தற்செயலே. இதில் ஊழையோ தண்டனையையோ தேடுவது தகாது. ஆயினும், நம் துன்பத்தைச் சொல்லும்போது அதற்கு ஐந்து ஆண்டு முந்திய துன்பத்தையும் சேர்த்துச் சொல்வது நமக்குக் கடமையல்லவா?

2002 ஏப்ரல் மாதம் ஏ-9 வீதி திறந்தது. அந்த ஆண்டுத் திருவிழாவில்தான் முதியவர் மீண்டும் கடை விரித்தார். 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருக்கும்போதே, அப்பாதை மீண்டும் மூடிற்று. போர் 2009இல் முடிந்த பின்னர் வீதி திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவியும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. வெளியேற்றப்பட்டோரிற் சிலர் திரும்பினர். பலர் இன்றும் புத்தளத்திலேயே வாழ்கின்றனர். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் 'வாப்பாவின் ஊர்'. நம் பேர்த்தி சொன்ன 'உங்கட ஊர்' என்ற சொல் நம்மைத் தைத்ததே, அதே முள் அம்முதியவரின் வீட்டிலும் எத்தனை முறை தைத்திருக்கும்!

காப்புக்குப் பணம் கொடுத்துவிட்டு நடந்தபோது மகள் ஒரு செய்தி சொன்னாள். ஜேர்மனியில் ஹம் என்னும் நகரத்தில் காமாட்சி அம்பாளுக்கு நம்மவர் பெரிய கோயில் கட்டியிருக்கிறார்கள். அதன் குடமுழுக்கு நடந்ததும் 2002ஆம் ஆண்டே. தேர்த்திருவிழாவன்று ஆயிரக்கணக்கான தமிழர் கூடுவர். வீதியோரத்தில் கடைகளும் போடுவர். அங்கேயும் காப்பு உண்டு, றிப்பன் உண்டு, இனிப்பு உண்டு. "அந்த ஊர்ச் சனம் எங்களுக்கு வீதியை விட்டுத் தருகினம், அப்பா. தாங்களும் வந்து பாக்கினம்" என்றாள். வேறு எதுவும் அவள் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அந்நிய நாட்டில் அயலவர் நமக்கு வீதியோரம் இடங்கொடுக்க, நாம் கடை விரித்து மகிழ்கிறோம். நம் சொந்த வீதியில், பரம்பரையாகக் கடை விரித்தவர் வரவில்லை என்பதை 12 ஆண்டுகள் கணக்கிற் கொள்ளாதிருந்தோம். திருவிழாச் சந்தையின் செல்வம் அங்கே குவிந்திருக்கும் சரக்கு அன்று. எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் அச்சமின்றி வந்து போகிறார்கள் என்பதே அதன் செல்வம். சரக்கு குறைந்தால் அடுத்த லொறியில் வந்துவிடும். ஆள் குறைந்தால் அந்தக் குறை கடைத்தெருவில் எங்கே தெரியும்? அவருடைய இடத்தில் வேறொருவர் விளக்கேற்றிவிடுவார், கூட்டம் நகர்ந்துவிடும். கேட்கிற ஒரு குழந்தை இருந்தால்தான் தெரியும்.

வளவில் துண்டைக் கொடுத்து வண்டியை எடுக்கும்போது பேர்த்தி கேட்டாள்: "அந்தக் காப்புத் தாத்தா ஏன் பன்னிரண்டு வருசம் வரேல்லை?"

கேள்வி பழையது, கேட்டவள் மாத்திரம் புதியவள். தாயின் முகத்தைப் பார்த்தோம். அவள் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இம்முறை பாதையின் மேல் பழியைப் போடவில்லை. "அவரை இங்க இருக்க வேண்டாம் எண்டு கலைச்சவை பிள்ளை. நாங்கள் பேசாமல் இருந்திட்டம். அது பிழை" என்றோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது போதுமா, மிகையா என்று தெரியவில்லை. அவள் சற்று நேரம் காப்புகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த முறை வந்தாலும் அவரிட்டத்தான் வாங்குவன்" என்றாள்.

வாசக அன்பர்களே, விழாக்கள் நம் ஆண்டுக் கணக்கில் வரிசையாக நிற்கின்றன. தீபாவளிக்கும், நத்தாருக்கும், தைப்பொங்கலுக்கும் பட்டணத்துக் கடைத்தெருக்கள் நிறையத்தான் போகின்றன. நோன்புப் பெருநாளுக்கு ஐந்து சந்தியிலும் விளக்கெரியும். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கச்சான் வாங்கிக் கொடுங்கள். பெட்டி பின்னும் அம்மாவிடம் ஐம்பது ரூபாவுக்காக வாதாடாதீர்கள். விலையைக் கேட்குமுன் ஊரைக் கேட்கும் வழக்கத்தை அவர்களிடமிருந்து நாமும் கற்றுக்கொள்வோம். சென்ற ஆண்டு இதே இடத்தில் கடை போட்டவர் இவ்வாண்டு காணப்படாவிட்டால், அடுத்த கடைக்காரரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். நோயாயிருக்கலாம்; மகளின் கலியாணமாயிருக்கலாம்; வேறு யாதாயினும் இருக்கலாம். விசாரித்தோம் என்பது அவர் காதுக்கு எட்டும்.